சீனி இல்லாத வீட்டில் ஒரு மேட்ச்

எனக்குச் சர்க்கரை என்றால் பயம். நோயைச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நோய்க்கும் பயம்தான். ஆனால் டப்பாவில் இருக்கிற அந்த வெள்ளைப் பொடியைக் கண்டாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் அம்மாவுக்கு முதலில் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பாதத்தை. அதன்பிறகு முழங்காலுக்குக் கீழே. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கையெழுத்துப் போட்டவள் நான்தான். அதனால் போன வருஷம் என் வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படித்ததும், நான் முதலில் பார்த்தது அவர் காலை. உட்காரச் சொல்லி, விரல் இடுக்கிலெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். "ஏய், இப்பதான்டி ஆரம்பம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே வீட்டைக் காலி செய்தேன். சர்க்கரை டப்பா, வெல்லம், தேன், ஜாம் பாட்டில், பிஸ்கெட் எல்லாம் கீழே இஸ்திரி போடுகிற அம்மாவுக்குப் போனது. பூஜை அலமாரியில் இருந்த கல்கண்டைக்கூட விடவில்லை. சாமிக்கு இனிமேல் பாதாம் பருப்பு போதும் என்று முடிவு செய்தேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. வாழைப்பழம் வாசலோடு நின்றது. அவர் கிண்டி ஆபீசிலிருந்து வந்ததும் வாயை ஊதச் சொல்லுவேன். குடிகாரப் புருஷனிடம் கேட்பதை நான் ஜிலேபிக்காகக் கேட்டேன். ஒருநாள் அவர் சட்டைப் பையில் சாக்லெட் காகிதம் கிடைத்தது. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினேன். பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவர் நினைத்திருப்பார். என் அம்மாவின் கால் இருந்த இடத்தில் இருந்த தலையணையைப் பற்றியெல்லாம் சொல்லி நான் அழுததில், அவர் தட்டில் கை கழுவி எழுந்துவிட்டார்.

மாத்திரையில் அடங்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஊசிக்கு வந்தோம். சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று வேளையும் நானேதான் குத்துவேன். அடையாறு டாக்டரிடம் நான் கேட்ட கேள்விகள் எல்லாம், சர்க்கரை ஏறினால் என்ன ஆகும் என்பதைப் பற்றியவை. இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அவரே சொன்னார், ஒரு தாளும் கொடுத்தார். தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன். இறங்க வேண்டும் என்றுதானே இத்தனை பாடு, இறங்கினால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஊர் அணிக்கு முக்கியமான மேட்ச் ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு வந்தது. அந்த மாதிரி மேட்ச் என்றால் வருஷக்கணக்காக எங்கள் மயிலாப்பூர் வீட்டில்தான் கூட்டம். கூட்டம் என்றால் இரண்டே பேர். ஒருவர் இவருடைய பள்ளித் தோழர், ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருப்பவர். இன்னொருவர் தி.நகரில் இருக்கும் ஆபீஸ் நண்பர், வாயைத் திறந்து பேசவே கூலி கேட்பார் போல இருப்பவர். முன்பெல்லாம் முதல் ஓவருக்கு வெங்காய பஜ்ஜி, பத்தாவது ஓவருக்கு சமோசா, நடுவில் இரண்டு லிட்டர் கோலா, ஜெயித்தால் பரோட்டா என்று போகும். இந்தத் தடவை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். இவர் முகம் வாடிப் போனது. சரி, வரட்டும், தின்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்தே எனக்கு அதே வேலை. போனில் விடாமல் பார்த்து, ஒரு பட்டியல் போட்டேன். தெற்கு மாட வீதியில் பிஞ்சு வெள்ளரிக்காய் பொறுக்கினேன். பச்சைப்பயறு முளைகட்டிச் சுண்டல் செய்தேன். தாமரை விதைப் பொரியை எண்ணெய் இல்லாமல் மிளகு போட்டு வறுத்தேன். முட்டைக்கோஸ் இலையில் பனீரைச் சுருட்டி ஆவியில் வேக வைத்தேன். குடிக்க இஞ்சி தட்டிப் போட்ட நீர்மோர் ஒரு பானை. இன்னொரு ஜாடியில் எலுமிச்சை ஜூஸ், அதற்கு இனிப்பு சீனித்துளசிச் சொட்டு. பத்துச் சொட்டு விட்டால் ஜாடி முழுக்கத் தித்திக்கும், உடம்பில் ஒரு துளி சர்க்கரை சேராது. அதைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம் என்று அன்று காலை வரை நினைத்திருந்தேன்.

மதியம் ஒன்றரைக்கு வழக்கம்போல ஊசி போட்டேன். வழக்கமான அளவுதான். பிறகு தட்டில் கொஞ்சம் கீரையும் இரண்டு துண்டு வெள்ளரிக்காயும் வைத்தேன்.

"சாதம் எங்கடி?" என்றார்.

"சாயங்காலம் பூரா தின்னப் போறீங்க இல்ல? ஒரு வேளை சாதம் இல்லன்னா ஒண்ணும் ஆயிடாது."

அவர் வெள்ளரித் துண்டை எடுத்துக் கடித்தார். அந்த வருஷத்தில் அவர் ஒன்றும் சொல்லாமல் இருக்கப் பழகியிருந்தார். நான் அதைத் திருந்தியதாக எடுத்துக்கொண்டேன்.

நண்பர்கள் மூன்றேகாலுக்கு வந்தார்கள். பட்டறைக்காரர் கையில் ஒரு பை இருந்தது. நான் உடனே வாங்கிப் பார்த்தேன். உள்ளே கொய்யாக்காய். "அண்ணி, இன்னா இது, போலீஸ் ஸ்டேஷன் மாரி செக் பண்றீங்கோ" என்றார். டீப்பாயைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்தது. "மச்சி, மேட்ச் பாக்கக் கூப்ட்டியா, ஆடு மேய்க்கக் கூப்ட்டியா?" எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சுண்டலில் ஒரு ஸ்பூன் எடுத்தார், கிண்ணத்தைக் கீழே வைத்தார். முளைகட்டிய பயறு அவருக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். பசித்தால் தின்னட்டும் என்று விட்டேன்.

நம் பையன்கள் இரண்டாவதாக ஆடினார்கள். ஆறு மணிக்கு மேல் மூன்று விக்கெட் மளமளவென்று விழுந்தது. நான் மோர் ஊற்ற வந்தவள், நிற்க முடியாமல் சோபாவில் இவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன். அடுத்த பந்து சிக்சர். அதற்கு அடுத்தது ஃபோர்.

"அண்ணி, எழுந்துடாதீங்கோ!" என்று பட்டறைக்காரர் கத்தினார். "நீங்க குந்துனதும்தான் ரன்னு வருது. அப்பிடியே இருங்கோ."

இந்தச் சட்டம் தெரியாத வீடு இந்த ஊரில் இருக்காது. அணி நன்றாக ஆடும்போது யார் எங்கே எப்படி இருக்கிறார்களோ அப்படியே இருக்க வேண்டும். கால் மரத்துப்போனாலும் மாற்றி வைக்கக் கூடாது. ஆபீஸ் நண்பர் ஒரு வெள்ளரித் துண்டைப் பாதி கடித்தபடி கையில் வைத்துக்கொண்டிருந்தார். நானும் அசையவில்லை. என்னால் ரன் வருகிறது என்பதில் எனக்கு அசட்டுப் பெருமை. அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டில் யாரும் என்னை இருக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

இருபது நிமிஷம் அப்படிப் போனது. இவர் சோபாத் தலையணையை மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. மின்விசிறிக்கு நேர் கீழேதான் இருந்தார். மேட்ச் டென்ஷன் என்று நினைத்தேன். ஒருமுறை என் பக்கம் திரும்பி, "மோர் தீந்துடுச்சா, பாரேன்" என்றார். "எழுந்தா விக்கெட் விழும், சும்மா இருங்க" என்றேன். இன்னொரு முறை, "பால்கனியில துணி காயுது" என்றார். மழையே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு அவர் வாய் குழறியது. "சுகர்" என்றார்.

எங்கள் வீட்டில் சுகர் என்றால் வியாதி. எங்கள் வீட்டில் என்ன, பக்கத்து வீட்டில், டாக்டர் வீட்டில், பஸ்ஸில், எங்கேயும் அப்படித்தான். தின்கிற பொருளுக்குச் சர்க்கரை, சீனி என்று பேர். "அவருக்குச் சுகர்", "சுகர் ஏறிடுச்சு" என்றுதான் நாங்கள் பேசிப் பழக்கம். அதனால் அவர் "சுகர், சுகர்" என்றதும் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. ஏறிவிட்டது! எப்படி ஏறும்? நான் இல்லாதபோது எதைத் தின்றார்?

"இன்னா தின்னீங்க? உண்மையைச் சொல்லுங்க, யார் குடுத்தது?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் கண் என் மேல் நிற்கவில்லை. சட்டை முழுக்க நனைந்திருந்தது. "சுகர்" என்றார் மறுபடியும், குழந்தை மாதிரி. எனக்கு ஆத்திரம் வந்தது. பயம் வந்தால் எனக்கு ஆத்திரமாகத்தான் வரும். "அதான் சுகர்னு தெரியுது இல்ல! அப்புறம் ஏன் தின்னீங்க?" என்று கத்தினேன். ஓடிப்போய்ச் சோதிக்கும் மெஷினைக் கொண்டுவந்து அவர் விரலைக் குத்தினேன். நாற்பத்தி மூன்று என்று காட்டியது.

இதை எழுதவே கூசுகிறது. அந்த எண்ணைப் பார்த்து ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருஷமாக நான் வேண்டிக்கொண்டதெல்லாம் சின்ன எண்தான். எத்தனை நாள் இருநூறையும் முந்நூறையும் பார்த்து அழுதிருப்பேன்.

பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தவர் துள்ளி எழுந்தார். "அண்ணி! இது லோ! எங்க நைனாவுக்கு இப்பிடித்தான் ஆவும். அவன் வியாதியச் சொல்லல, சக்கரை கேக்கறான். தித்திப்பு எதனா குடுங்கோ, சீக்கிரம்!"

நான் சமையலறைக்கு ஓடினேன். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன். எங்கே எது இருக்காது என்று எனக்கே நன்றாகத் தெரிந்த சமையலறை அது. வெல்லம் இல்லை, தேன் இல்லை, பூஜை அலமாரியில் பாதாம் பருப்பு. கொய்யாக்காயை மென்று தின்னும் நிலையில் அவர் இல்லை. டப்பா மூடிகள் கீழே உருண்டன. எலுமிச்சை ஜூஸ் ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அவர் வாயில் வைத்தேன். இரண்டு மடக்கு உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. பட்டறைக்காரர் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "தித்திக்குது, போதும், இப்ப ஏறிடும்" என்றார்.

"அது சர்க்கரை இல்ல" என்றேன். "சீனித்துளசி. ஏறாது."

பட்டறைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். ஆபீஸ் நண்பர் செருப்புக்கூடப் போடாமல் முனைக்கடைக்கு ஓடினார். ஞாயிறு மதியத்துக்கு மேல் அந்தக் கடை சாத்தியிருக்கும் என்று நான் சொல்வதற்குள் அவர் படி இறங்கியிருந்தார். இவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அம்மா போனபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. அம்மாவை வியாதி கொண்டுபோயிற்று. இவரை நான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இவர் மடியில் இருந்த தலையணையை வெடுக்கென்று பிடுங்கி, உறையின் ஜிப்பை இழுத்தார். உள்ளே பஞ்சோடு பஞ்சாக இரண்டு சின்ன மாம்பழ ஜூஸ் பாக்கெட். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடிப்பது, ஸ்ட்ரா ஒட்டியது. "போன மாசம் நான்தான் வாங்கியாந்து குடுத்தேன், அண்ணி. அப்பால திட்டுங்கோ" என்றார். ஸ்ட்ராவைக் குத்தி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, அவர் விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். நான் இவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். முதல் பாக்கெட் முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது பாதியில் அவர் கை எழுந்து, தானே பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டது. டிவியில் யாரோ ஜெயித்துவிட்டிருந்தார்கள். யார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

ஆபீஸ் நண்பர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். கால் மணி கழித்து எண் நூறைத் தொட்டது. எனக்காக வடித்திருந்த சோற்றில் தயிர் போட்டுப் பிசைந்து கொடுத்தேன். ஒரு பருக்கை விடாமல் தின்றார். ஆட்டோ வைத்து அடையாறு போனோம். டாக்டர் என்னைத் திட்டவில்லை, ஊசி போட்டால் சோறு போட வேண்டும் என்று மட்டும் நிதானமாக இரண்டு தரம் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திரும்பி வரும் வழியில், ஆட்டோவில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "உங்களுக்குத் தெரியலையா? மடியிலேயே வெச்சிருந்தீங்களே, மயக்கத்துல மறந்துட்டீங்களா?"

"தெரிஞ்சுது" என்றார். "கை நடுங்க ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சுது. இன்னா பண்ணணும்னும் தெரியும். டாக்டரு குடுத்த தாள நானும் படிச்சேனே."

"அப்புறம் ஏன் எடுத்துக் குடிக்கல?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். "நீ எழுந்து உள்ள போவன்னு பாத்துக்கினே இருந்தேன். நீ போவவே இல்ல."