சித்தப்பாவின் இடது காது

சித்தப்பாவுக்கு இடது காதை மட்டும் தனியாக ஆட்டத் தெரியும். முகத்தில் வேறெதுவும் அசையாது. மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவருக்கு எந்த விதத்திலும் பயன்படாத திறமை. ஆனால் ஏழு வயதுச் சிறுமியான எனக்கு அதைவிடப் பெரிய வித்தை உலகத்தில் இருக்கவில்லை.

அப்பா கனடா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அங்கேயே நிரந்தரமாகத் தங்க அவருக்கு அனுமதி கிடைத்ததும், அம்மாவுக்கும் எனக்கும் விண்ணப்பம் போட்டிருந்தார். அதுவரை எங்கள் மைசூர் வீட்டில் அம்மா, நான், கல்யாணமாகாத சித்தப்பா. என்னை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் விடுவதும், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவர்தான். அப்பா எனக்குப் போனில் வரும் ஒரு முகம். எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. 'நாம் கனடா போகப்போகிறோம்' என்று வீட்டில் பேசும்போதெல்லாம் அந்த 'நாம்' மூன்று பேர் என்றே நினைத்திருந்தேன்.

அந்த நாட்டுக்காரர்களுக்குப் புகைப்படத்தில் யாரும் சிரிக்கக் கூடாது. முதலில் அனுப்பிய படத்தில் நான் பொக்கை வாய் தெரியச் சிரித்திருந்தேன் என்று வேறு படம் கேட்டுவிட்டார்கள். இன்னொரு தடவை தள்ளிப்போனால் தாங்க முடியாது என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தாள்.

அக்ரஹாரத்து ஸ்டுடியோவுக்கு மூவருமாகப் போனோம். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, காது தெரியும்படி முடியை ஒதுக்கினார்கள். காது என்றதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பா பாவம், அன்று எதையும் ஆட்டவில்லை. கேமராவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஸ்டுடியோக்காரர், "நகபேட புட்டா, நகபேட" என்று, சிரிக்காதே சிரிக்காதே எனக் கன்னடத்தில் கெஞ்சினார். அம்மா தொடையில் கிள்ளினாள். கிள்ளிய இடத்தைத் தடவிக்கொண்டே சிரித்தேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சித்தப்பா வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கண்ணு, அந்த ஊருக்கு நான் வரலை. நீயும் அம்மாவும்தான் போறீங்க."

சொல்லிவிட்டு எழுந்து விலகினார். பளிச்சென்று விளக்கு மின்னியது. "ஆய்த்து" என்று ஸ்டுடியோக்காரர் பெருமூச்சு விட்டார்.

 திரும்பும் வழியில் சித்தப்பா காரப்பொரி விற்கும் சுருமுரி வண்டிக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி, பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். "சும்மா சொன்னேன்டா. உன் சிரிப்ப நிறுத்தணுமில்ல?" என்றார். இடது காது ஆடியது. அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சித்தப்பா என்னை எவ்வளவு அழகாக ஏமாற்றிவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

பெங்களூர் விமான நிலைய வாசலில், லீவு கிடைத்ததும் பின்னாலேயே வந்துவிடுவதாகச் சொன்னார். அதையும் நம்பினேன்.

கனடா போய்ச் சில வாரங்களில் நிரந்தரமாகத் தங்குவதற்கான எங்கள் பி.ஆர். கார்டுகள் தபாலில் வந்தன. அப்பா இனிப்பு வாங்கி வந்திருந்தார். என் கார்டில் ஒரு பெண் உம்மென்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சித்தப்பா ஏமாற்றியபோது எடுத்த படம் என்று அப்பாவுக்குக் கதை முழுவதையும் சொன்னேன்.

"சித்தப்பா கார்டு எப்போ வரும்? படம் எடுக்கறப்போ காத ஆட்டக் கூடாதுன்னு சொல்லிடுங்கப்பா."

அப்பா கையிலிருந்த இனிப்பைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். இவ்வளவு நல்ல கதைக்கு ஏன் இருவரும் சிரிக்கவில்லை என்று எனக்குப் புரியவேயில்லை.