காகம் தொடாத இலை

போன மாத அமாவாசையன்று நான் செய்ததைச் சொன்னால் திட்டுவீர்கள். திட்டுங்கள். டாக்டரே திட்டிவிட்டார்.

எனக்குள் ஓடுவது இன்னொருவர் கிட்னி. மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவருடையது. ஆணா, பெண்ணா? ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்கள். காலை ஒன்பது, இரவு ஒன்பது – மாத்திரை தவறக் கூடாது. தவறினால், ‘இது யாருது?’ என்று என் உடம்பே கண்டுபிடித்து அதைத் தாக்க ஆரம்பித்துவிடுமாம்.

பெயர் தெரியாவிட்டால் என்ன? செத்தவருக்கு ஒரு பிடி சோறு வைக்க வேண்டாமா? சிவாஜிநகரில் எங்கள் மொட்டை மாடியில் விடிந்ததுமே இலை போட்டேன். சாதம், பருப்பு, ஒரு வடை. காக்காய் எடுக்கும்வரை வாயில் எதுவும் படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். மாத்திரையும் வாயில் போடுவதுதானே... போடவில்லை.

செத்துப்போன என் வீட்டுக்காரருக்கு வைத்தால், கையை எடுப்பதற்குள் வந்து கொத்தும். அன்றும் வந்தன. ஏழெட்டு. தண்ணீர் டேங்க் மேல் வரிசையாக உட்கார்ந்தன. கரையவில்லை. இலையைப் பார்க்கவில்லை... என்னையே பார்த்தன.

மணி பத்து. பதினொன்று. புதுக் கிட்னியை முதுகுப் பக்கம் வைப்பதில்லை, அடிவயிற்றில்தான். அங்கே கை வைத்தேன். கொதித்தது. வெயிலா?

மகள் விமலா துணி காயப்போட வந்தாள்.

“யம்மா, மாத்திரை போட்டியா?”

“காக்கா எடுக்கலடி.”

“யாருக்கு வெச்ச?”

வயிற்றைக் காட்டினேன்.

“லூசாம்மா நீ? அவங்க உள்ள உயிரோட வேல பாத்துட்டிருக்காங்க. செத்தவங்கன்னு சோறு வெச்சா காக்கா எப்டி வரும்?”

திட்டுவதற்குத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அவளும் டேங்கைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துத் தரதரவென்று கீழே இழுத்துப்போய், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டு, மாத்திரையைக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. ‘கோபித்துக்கொண்டு போய்விடாதே’ என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன் – யாரிடம் என்று தெரியாமலே.

கிட்னி தப்பித்தது. “அஜ்ஜி, காகெகெல்லா காயபேடி!” என்றார் கன்னட டாக்டர். காக்காய்க்கெல்லாம் காத்திருக்க வேண்டாமாம், இந்தப் பாட்டி.

நேற்று மறுபடி அமாவாசை. ஒன்பதுக்கு மாத்திரை. பத்தரைக்கு அதே சாதம், பருப்பு, வடை. இலையை மாடிக்குக் கொண்டுபோகவில்லை. என் முன்னால் போட்டு, நானே சாப்பிட்டேன்.

சேர வேண்டியவருக்குச் சேர்ந்திருக்கும்.