சென்றிக்கு முன்னால திறபடாத கதவு

கார் வயர் வேலை செய்து பாத்த ஆக்களுக்குத் தெரியும், வயர் ஒருநாளும் பொய் சொல்லாது, அதை வீட்டில வச்சு நோண்டிப்போட்டுக் கொண்டுவாறவர் உண்மை சொல்லமாட்டார். எண்பத்துநாலில பல்கலைக்கழகக் கம்பஸ் பூட்டிக் கிடந்த மாசங்களில நான் வேலணைத் தீவில ஒரு கராச்சில இந்த வேலை செய்தனான். வாறதெல்லாம் பழைய இங்கிலீசுக் கார். யப்பான் கார் எண்டு வந்தது ஒண்டே ஒண்டு, வாடகைக்கு ஹயர் ஓடுற நடராசா அண்ணையின்ர. தெற்கில கடை வச்சிருந்த அவற்ர மச்சான் வெளிநாடு போகேக்க குடுத்திட்டுப் போனது. அந்த ஒரு காராலதான் எனக்கு இவ்வளவு கோவம்.

கதவைத் திறந்தா மணி

சாவித் துவாரத்தில இருந்து திறப்பைக் கழட்டாமல் கதவைத் திறந்தா அந்தக் கார் டிங், டிங் எண்டு அடிக்கும். யாழ்ப்பாணம் போற பாலத்து றோட்டில ஆமிக்காரர் காவல் நிக்கிற சென்றி ஒண்டு. கார் நிண்டவுடன எல்லாரும் இறங்கி, வெறுங்கையைக் காட்டிக்கொண்டு நடக்கோணும். சுணங்கினா என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நடராசா அண்ணை கதவைத் திறக்க மணி அடிச்சுது. ஆமிக்காரன் குண்டு எண்டு நினைச்சு மண்மூட்டைக்குப் பின்னால விழுந்திட்டான். எழும்பேக்க துவக்கை நீட்டிக்கொண்டுதான் எழும்பினவன்.

அடுத்தநாள் கராச்சுக்கு வந்த மனுசன் தேத்தண்ணியை ஆற விட்டிட்டு, நடந்ததைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். "அண்ணை, திறப்பைக் கழட்டிப்போட்டுக் கதவைத் திறந்தா அடிக்காது" எண்டு நான் விளங்கப்படுத்தினன். என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டுச் சொன்னார்: "தம்பி, எனக்கு விளக்கம் வேண்டாம், அவன் பயப்பிடாமல் இருந்தாக் காணும்."

நாக்கு மட்டும் மிச்சம்

ரெண்டு கிழமைக்குப் பிறகு லைற் வேலைக்குக் காரைக் கொண்டுவந்தார். சாரதிக் கதிரையில ஏறி இருந்தன். பெல்ட்டைக் காணேல்லை. கொழுவுற இரும்பு நாக்கு மட்டும் பூட்டுக்குள்ள செருகிக் கிடந்தது. பெல்ட் போடாட்டியும் அந்தக் கார் கத்தும். அதுக்காக மனுசன் குசினிக் கத்தியால பெல்ட்டை அறுத்து, நாக்கை மட்டும் கொழுவி விட்டிருக்கிறார். அறுத்த பெல்ட்டை எடுத்துக் கூரைக் கரியரில சூட்கேஸ் கட்டியிருக்கிறார்.

அவரைப் பிடிச்சு ஏசினன். "மூளை இருக்கிறவன் செய்யிற வேலையோ இது? சூட்கேசையோ அண்ணை காப்பாத்தப் போறியள்? ரெண்டு பக்கமும் கடல் கிடக்கிற றோட்டில ஓடுறியள். சத்தம் வேண்டாமெண்டா பெல்ட்டைப் போடுங்கோ." அரை மணித்தியாலம் வாதாடினன். மனுசன் வெத்திலையைத் துப்பிப்போட்டு ஆறுதலாக் கேட்டார்: "பெல்ட்டைக் கழட்டக் கையை இடுப்புக்குக் கொண்டுபோகோணும், துவக்குக்கு முன்னால இடுப்பில கை வச்சிட்டு உயிரோட திரும்பின ஒருத்தனை நீர் எனக்குக் காட்டும் பாப்பம்."

குமிழ்

கம்பசால கடிதம் வந்து, நான் பெயர் பதியப் போறதுக்கு அவற்ர காரிலதான் ஏறினன். முன்னுக்கு எங்கட ரீச்சர், நடராசா அண்ணைக்கும் எனக்கும் மூண்டாம் வகுப்பில படிப்பிச்சவ. பின்னுக்கு நான் தனிய. வேகம் பிடிக்கக் கதவெல்லாம் டக் எண்டு தானாப் பூட்டிச்சுது. அந்தக் காரின்ர இன்னொரு வித்தை அது. இறங்கிறதெண்டா கண்ணாடிக் கரையில நிக்கிற குமிழை மேல இழுக்கோணும். திரும்பிப் பாத்தன், குமிழ் இல்லை. குமிழ் இருந்த இடத்தில ஓட்டை. சாரதிப் பக்கத்தில மட்டும் ஒண்டு நிண்டுது. "அண்ணை, குமிழ் எங்க?" எண்டன். "சென்றியில அதை இழுத்துக்கொண்டு நிக்க நேரமில்லை, கழட்டிப்போட்டன், குமிழ் இல்லாட்டி எதைப் பிடிச்சுப் பூட்டும்?" எண்டார். நான் வாயைத் திறக்க முந்திச் சென்றி வந்திட்டுது.

நடராசா அண்ணை இறங்கிக் கையை உயர்த்திக்கொண்டு நிக்கிறார். "இறங்கு" எண்டு ஆமிக்காரன் கத்துறான். நான் கைபிடியை இழுக்கிறன், கதவு அசையேல்லை. மற்றப் பக்கமும் அப்பிடித்தான். துவக்கு என்ர நெஞ்சுக்கு நேர வந்திட்டுது. கண்ணாடியைச் சுத்தி இறக்கி, ரெண்டு கையையும் முதல் வெளியில நீட்டி, தலைகீழாத் தாரில விழுந்தன். கடிதம் வாயில. ஆமிக்காரன் என்னைவிடப் பயந்து ரெண்டடி பின்னால போனான். பிறகு வாயில கிடந்த கடிதத்தைப் பிடுங்கிப் பாத்திட்டு, எழும்பு எண்டு துவக்கை ஆட்டினான்.

ரீச்சர் யன்னலால குதிக்கவும் மாட்டன், சாரதிப் பக்கத்தால தவண்டு வரவும் மாட்டன் எண்டிட்டா. மணி அடிக்காமல் நடராசா அண்ணை கழட்டிச் சீற்றில போட்டிருந்த திறப்பை மெல்ல எடுத்து, ரெண்டு விரலால பிடிச்சு, கண்ணாடியை இறக்கி அவனிட்ட நீட்டினா. அவன் வெளியில நிண்டு முன்கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டான். சீலையைச் சரிசெய்துகொண்டு இறங்கின ரீச்சர், கை உயர்த்தின நடராசா அண்ணையைப் பாத்துச் சொன்னா: "நடராசா, உன்ர காரில கதவு திறக்கிறதுக்கும் ஆமிதான் வரவேண்டியிருக்கு."

ஏன் கேக்கேல்லை

பின்னேரம் திரும்பி வந்து கராச்சுக்குள்ள காரை விட்டு, கதவுப் பலகையைக் கழட்டினன். முழங்கையில தோல் இல்லை. ஏசத் தொடங்கினன், கராச் முதலாளி எழும்பி வெளியில போயிட்டார். "அவன் ஒரு விரலை மடக்கியிருந்தா நான் இண்டைக்குப் பிணம். பின்சீற்றில ரீச்சர் இருந்திருந்தா? ஒரு சின்ன வயர் அண்ணை, கழட்டிவிட அஞ்சு நிமிசம். என்னட்டக் கேட்டிருக்கலாமெல்லே? ஏன் கேக்கேல்லை?"

அவர் குமிழ் மூண்டையும் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள இருந்து எடுத்து என்ர கையில வச்சார். கண் கலங்கியிருந்தது. "கேக்கத்தான் ரெண்டுதரம் வாசல்மட்டும் வந்தனான் தம்பி, பெல்ட்டுக்கு நீர் ஏசின ஏச்சை நினைச்சுப்போட்டுத் திரும்பிப் போயிட்டன்."

கோவப்படுறதைக் கைவிட என்னால ஏலாமப் போச்சுது, ஆனபடியா அதுக்குப் பிறகு கராச்சுக்கு ஆர் வந்தாலும் "முதல்ல என்ன செய்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ, ஏச்சுப் பிறகு" எண்டு கதிரை போட்டுக் குடுக்கப் பழகினன்.