ஒல்லிக்கு வைத்த பொட்டு

போர் விமானத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையில் ஒரே ஒரு குறை, நாம் அடித்தது எதுவும் மேசையை விட்டு மேலே போகாது. கஸ்டமரிடம் "நாளைக்குக் கண்டிப்பா ஆயிரும்" என்று சிரித்த முகத்தோடு பொய் சொல்லிப் பிழைக்கிற என் சகோதர சகோதரிகளே, நீங்கள் தையல்காரரோ, ஃப்ளெக்ஸ் அடிப்பவரோ, யாராக இருந்தாலும் சரி, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

ஒரே அலமாரி

தாராவியில் காதர் அண்ணன் பட்டறையில் நான் பெயிண்டர். கண்காட்சிகளுக்கும் பெரிய ஆபீஸ் மேசைகளுக்கும் வைக்கிற விமான மாடல்களை ஃபைபரில் வார்த்து, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துக் கடைசியில் என்னிடம் கொடுப்பார்கள். நம் விமானப்படைக்குப் புதுப் போர் விமானம் வாங்கப் போகிறார்கள், எதை வாங்குவது என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும் வெளிநாட்டுக் கம்பெனிகள் நான் முந்தி, நீ முந்தி என்று பம்பாயில் வந்து இறங்கின. அதில் மூன்று கம்பெனிகளின் ஏஜெண்டுகள், ஒருவர் வந்தது ஒருவருக்குத் தெரியாமல், எங்கள் இரும்பு ஏணியில் ஏறினார்கள். மூன்று பேரும் போட்ட நிபந்தனை ஒன்றுதான். எங்களுக்கு மட்டும் செய்ய வேண்டும், போட்டிக் கம்பெனிக்குச் செய்யக் கூடாது. காதர் அண்ணன் மூன்று பேருக்கும் தலையாட்டிவிட்டார்.

அசல் பெயரை வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாதே என்று நாங்களே பெயர் வைத்தோம். ஒற்றை எஞ்சினோடு மெலிந்து நின்றது ஒல்லி. இரண்டு வால் இருந்தது ரெட்டைவால். முக்கோண இறக்கையோடு வந்தது சமோசா. குட்டு வெளிப்பட்டால் மூன்று ஆர்டரும் போகும், பட்டறைக்குப் பூட்டு விழும், நான் மறுபடியும் பை தைக்கிற இடத்தில் ஜிப் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

ஆனால் மத்தியானத்தில் தகரக் கூரையின் ஓட்டை வழியாக வெயில் இறங்கும். தேய்த்த தூசி மெதுவாக மேலே எழும்பும். அலமாரியில் இருக்கிற மூன்றும் அந்த வெளிச்சத்தில் மிதக்கிற மாதிரி இருக்கும். நான் ஒல்லியின் மேல் இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, மாஹிம் கழிமுகத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பேன். இத்தனைக்கும் நான் நிஜ விமானத்தில் ஏறியதே இல்லை. பிரஷ்ஷில் பெயிண்ட் காய்ந்துபோகும். பின்னாலிருந்து காதர் அண்ணன் குரல் வரும்: "ஏ தங்கச்சி, பெயிண்ட் அடிக்கியா, இல்ல ஏறிக் கெளம்பிட்டியா?"

என்ன சாம்பல்?

போர் விமானத்துக்குச் சாம்பல் நிறம். அதில் எத்தனை சாம்பல் இருக்கிறது என்று எனக்கு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சுனாபட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது மழைக்கால வானத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கலவை பழகினேன். விடிகாலையில் ஒரு சாம்பல், மழைக்கு முன்னால் ஒன்று, விட்ட பிறகு ஒன்று. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன், அதற்குள் மறுபடி தூறும்.

ரெட்டைவாலின் ஏஜெண்ட் டில்லிக்காரர். மூன்று முறை கலவையைத் திருப்பி அனுப்பினார். ஒரு தடவை பளிச்சென்று இருக்கிறதாம், ஒரு தடவை மங்கலாம். எனக்குப் பொறுமை போய்விட்டது. உங்களுக்கு என்னதான் வேண்டும் சாப் என்று இந்தியில் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, எனக்குப் பாடம் எடுக்கிற மாதிரி விரலை நீட்டிச் சொன்னார்: "எதிரி கண்ணில் படவே கூடாது. ஆனால் கமிட்டி கண்ணில் பட்டே ஆகணும்!"

சமோசாவை மூடு!

ஒல்லியின் ஏஜெண்ட் பட்டாபி சார் மாட்டுங்காக்காரர். இந்த ஒரு வியாபாரத்துக்காகவே அந்தக் கம்பெனி பம்பாயில் ஆபீஸ் போட்டிருந்தது. ஒல்லி ஜெயித்தால் ஆபீஸ் இருக்கும், தோற்றால் மூடிவிடுவார்கள். தலையில் கறுப்பு முடி இருந்தபோது இதில் இறங்கினாராம். ஒல்லி நம் ஆகாயத்தில் பறப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ரிட்டயர் ஆவேன் என்பார். மற்ற ஏஜெண்டுகள் வந்தால் வேலையில் நொட்டை சொல்லிவிட்டுப் போவார்கள். இவர் மட்டும் கிளம்பும்போது விமானத்தின் மூக்கை மெதுவாகத் தடவிவிட்டுப் போவார். அதனால் எனக்கும் ஒல்லி மேல் கொஞ்சம் ஓரவஞ்சனை வந்துவிட்டது.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஏணியில் பாதி ஏறிவிட்டார். மேலே முக்கோண இறக்கையை விரித்துக்கொண்டு, நடு மேசையில், போட்டிக் கம்பெனியின் விமானம். காதர் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "தங்கச்சி, சமோசாவ மூடு! சமோசாவ மூடு!" என்று அலறினார். நான் கையில் அகப்பட்ட லுங்கியை எடுத்துப் போர்த்திவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டேன். மூச்சு வாங்க மேலே வந்த பட்டாபி சார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மனத்தாங்கலோடு சொன்னார்: "என்னைக் கண்டதும் எதுக்குப்பா மூடறேள்? ஒண்ணு குடுத்தா நானும் சாப்பிட மாட்டேனா?"

கடுகளவு

எந்த விமானம் பட்டறையை விட்டு வெளியே போனாலும் இடது இறக்கைக்கு அடியில் கடுகளவு ஒரு கறுப்புப் பொட்டு வைத்துத்தான் நான் அனுப்புவேன். திருஷ்டிப் பொட்டுதான். அழகாக உடுத்திய பிள்ளையை அப்படியே தெருவுக்கு அனுப்ப மனசு வருமா? கன்னத்தில் ஒன்று வைத்தால்தானே நமக்கு நிம்மதி. நான் பொட்டு வைக்கிறதைக் காதர் அண்ணன் முதன்முதலில் பார்த்தபோது, திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். இறக்கையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்க உம்மாவும் எனக்கு வெச்சவதான். வையி. ஆனா கஸ்டமர் கண்ணுல பட்டுச்சுன்னா மொதக் கண்ணேறு நமக்குத்தான்."

கண்ணாடி மேடை

பாந்த்ராப் பக்கம் பெரிய மண்டபத்தில் கண்காட்சி. வண்டியில் போகும்போது ஒல்லியின் வால் உரசிவிட்டது என்று பட்டாபி சார் என்னை டச்சப்புக்குக் கூப்பிட்டார். உள்ளே போனதும் வந்த வேலையை மறந்துவிட்டேன். மூன்றும் தனித்தனி மேடையில், நீல விளக்கில், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தாராவியில் லுங்கிக்கு அடியில் கிடந்தவை இவைதானா என்று இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். அழகுக்காக ஒவ்வொரு மேடையிலும் விமானத்துக்கு அடியில் கண்ணாடி பதித்திருந்தார்கள். என் பொட்டு மூன்றும் ஜம்மென்று தெரிந்தன.

ஒல்லிக் கம்பெனியின் வெள்ளைக்கார எஞ்சினியர் ரெட்டைவாலைக் குனிந்து பார்த்தார். ஓடிப்போய்ச் சமோசாவைப் பார்த்தார். வேர்த்து விறுவிறுத்துப் பட்டாபி சாரிடம் வந்து, இரண்டு போட்டிக்காரர்களும் இடது இறக்கையில் ஏதோ புதுக் கருவி வைத்திருக்கிறார்கள் என்று இங்கிலீஷில் படபடத்தார். பேச்சோடு பேச்சாகத் தன் விமானத்தைக் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அதிலும் இருந்தது.

பட்டாபி சார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொட்டைப் பார்த்தார். பிறகு பிரஷ்ஷும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தார். அந்த மண்டபத்தில் அது என்னவென்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் காதர் அண்ணன் பட்டறை அன்றோடு சரி. அவர் எஞ்சினியரின் தோளைத் தட்டி, இந்தியாவில் பறக்கிற எதற்கும் அது கட்டாயம் என்று நிதானமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. எதிர் மேடையில் சுற்றிக்கொண்டிருந்த முக்கோணத்தையே பார்த்தபடி கேட்டார்: "அன்னிக்கு மூடச் சொன்னாரே, அந்தச் சமோசா இதானா? எங்களோடதுக்கு என்ன பேர் வெச்சிருக்கேள்?"

டாக்ஸி

ஜெயித்தது சமோசாதான். டிவியில் செய்தி வந்தது. சமோசாக் கம்பெனி இன்னும் நிறைய மாடல் கேட்டது. காதர் அண்ணன் இனிப்பு வாங்கி வந்தார். அதை யாரும் சீக்கிரம் எடுக்கவில்லை.

பட்டாபி சார் ஆபீஸைக் காலி செய்துவிட்டு வந்தார். எங்கள் அலமாரியில் ஒல்லி ஒன்று மிச்சம் இருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டார். என் பழைய துப்பட்டாவில் சுற்றிக் கொடுத்தேன். தொண்ணூறடி ரோட்டில் டாக்ஸி பிடித்து ஏறி, மடியில் வைத்துக்கொண்டார். விமானம் நீளம், கதவைச் சாத்த முடியவில்லை. மூக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்தார். துணியை விலக்கி இறக்கையை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் சண்டையா கேலியா என்று தெரியாத குரலில் சொன்னார்: "ஏம்மா, எங்க ஒல்லிக்கு மட்டும் பொட்டைக் கொஞ்சம் பெரிசா வெச்சிருக்கப்படாதோ?"

டாக்ஸி கிளம்பியது. துப்பட்டா நுனி காற்றில் படபடக்க, நான் பெயிண்ட் அடித்த ஒரு விமானம் முதல்முறையாக மாட்டுங்காவைப் பார்த்துப் பறந்துபோனது. மற்ற இரண்டுக்கும் கடுகளவு, ஒல்லிக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே மிளகளவு என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆசையாக நான் வைத்த பெரிய பொட்டு, கெட்ட கண்ணோடு சேர்த்துக் கமிட்டியின் கண்ணையும் தடுத்துவிட்டது போலிருக்கிறது.