வளையம் கூடவே வருமா?

ராஜபாளையத்தில் அக்கா வீட்டுக்குப் பின்னால் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கொட்டகை. காலையிலிருந்து தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அன்று அந்தத் தறிகள் என் நெஞ்சுக்குள்ளேயே ஓடின. மடிக்கணினியைத் திறந்துவைத்துவிட்டுக் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பசிபிக் தீவு ஒன்றின் மலையுச்சியில் இருக்கும் தொலைநோக்கிக்கு இங்கிருந்தே உத்தரவு கொடுக்க வேண்டும். அங்கே இரவு, நமக்குப் பகல். ஆனால் காற்றில் ஈரம் அதிகம் என்று அங்கே கூரையைத் திறக்கவே இல்லை.

"ஏட்டி, ஒரு எடத்துல உக்காரு. ஒன்னயப் பாத்து எனக்குத் தல சுத்துது," என்றாள் அக்கா.

எங்கே உட்கார? நான் அகச்சிவப்பு வானியல் செய்பவள். கண்ணுக்குத் தெரியாத வெப்பத்தை வைத்து விண்வெளித் தூசியைத் தேடுவது என் பிழைப்பு. பல வருடங்களுக்கு முன்னால், ஒரு நட்சத்திரத்தின் பக்கத்தில் வில் போல மங்கலான வெளிச்சத்தைப் பார்த்தேன். அது நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள தூசி வளையத்தின் ஒரு பகுதி என்று கட்டுரை எழுதினேன். நாலு பேருக்கு என்னைத் தெரிந்ததும், பதவி உயர்வு வந்ததும் அதனால்தான். வளையம் எப்படி உண்டானது என்று பலரும் கணக்குப் போட்டார்கள். என் மாணவி ஒருத்தி அதை விளக்கித்தான் முனைவர் பட்டமே வாங்கினாள். அவளுக்கு அடுத்த வாரம் ஒரு நிரந்தர வேலைக்கான நேர்காணல் இருந்தது.

எனக்கோ ஒரு சந்தேகம் விட்டபாடில்லை. பின்னால் வெகுதொலைவில் இருக்கும் ஏதோ ஒரு கேலக்ஸியின் வெளிச்சமாக அது இருந்தால்? தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அந்த நட்சத்திரம் வானத்தில் மெல்ல மெல்ல இடம் மாறுகிறது. வளையம் என்றால் கூடவே போக வேண்டும். கேலக்ஸி என்றால் போட்டது போட்டபடி கிடக்கும். வருடங்கள் கழித்து மறுபடி பார்த்தால் தெரிந்துவிடும். அதற்காகத் தொலைநோக்கியில் நேரம் கேட்டு எழுதினால், ஏற்கெனவே உறுதியான விஷயம் என்று இரண்டு முறை மறுத்தார்கள். ஆதாரமாக என் கட்டுரையையே காட்டினார்கள். ஒருவழியாக இந்த முறை அரை இரவு கிடைத்தது.

கிடைத்த நேரத்தைப் பாருங்கள். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் எனக்குப் பாராட்டு விழா. எல்லாம் அத்தானின் ஏற்பாடு. 'தூசி வளையம் கண்ட நம்ம ஊர்ப் பெண்' என்று என் முகத்தைப் பெரிதாகப் போட்டு ராஜபாளையத்தில் தெருமுனையில் பிளெக்ஸ் வேறு கட்டியிருந்தார்.

"நாளைக்கு வளையத்தப் பத்தி விளக்கமாச் சொல்லும்மா. அவிய எல்லாரும் ஆசையா இருக்காவ," என்றார்.

"சொல்றேன் அத்தான்."

மதியம் கூரை திறந்தது. மாணவியும் அவள் ஊரிலிருந்து அழைப்பில் இருந்தாள். நான் பார்ப்பதையே அவளும் பார்த்தாள். முதலில் வந்தது வெறும் வெள்ளை. வானமும் கருவியும் தாங்களாகவே உமிழும் வெப்பம் அது. அதைக் கழிக்கக் கழிக்க நட்சத்திரம் துலங்கியது, பக்கத்தில் அந்த வெளிச்சமும். பழைய படத்தை அதன்மேல் பொருத்தினேன்.

நட்சத்திரம் தள்ளிப் போயிருந்தது. வெளிச்சம் பழைய இடத்திலேயே இருந்தது.

இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். பிறகும் ஒன்று. கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இல்லாத வளையத்துக்கு இத்தனை பேர் மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். அழைப்பிலிருந்து மாணவியின் குரல் வந்தது.

"மேடம், சாப்பிட்டீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உன் இன்டர்வியூ முடியட்டும். அதுக்கப்புறம் வெளியில சொல்லிக்கலாம்," என்றேன்.

"வேண்டாம் மேடம். நாளைக்கு மேடையிலயே சொல்லிடுங்க. இல்லன்னா இன்டர்வியூல போய் நான் இந்த இல்லாத வளையத்தப் பத்திதான் பேசணும்."

அழைப்பை வைத்ததும் அக்கா பக்கத்தில் வந்தாள். "போச்சா?"

"போச்சுக்கா."

"யாரும் கேக்கலேல்லா? நீயா எதுக்குப் போயி நோண்டுன? சும்மா இருந்திருக்கலாம்லா?"

இருந்திருக்கலாம். ஓய்வு பெறும்வரை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இந்தச் சந்தேகம் என்னை எத்தனை நாள் தூங்கவிடாமல் புரட்டியது என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் மேடையில் இரண்டு படங்களையும் காட்டி, அப்படி ஒரு வளையமே கிடையாது என்று சொன்னேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ பழக்கத்தில் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். முன்வரிசையில் அத்தான் மட்டும் தட்டவில்லை. திரும்பும்போது காரை அவர்தான் ஓட்டினார். ராஜபாளையம் வந்ததும் பிளெக்ஸ் பக்கத்தில் நிறுத்தி இறங்கினார். தானே கயிற்றை அவிழ்த்து, சுருட்டிக் காருக்குள் போட்டார்.

"கொட்டகை ஒழுகுது. மேல போட்டுக்கிடலாம்," என்றார்.

அடுத்த வாரம் நான் ஊருக்குக் கிளம்பும் நாளில் நல்ல மழை. தறிகளுக்குமேல் என் முகம் நனைந்துகொண்டிருந்தது. அப்போது மாணவி கூப்பிட்டாள். நேர்காணலில் அந்த இரண்டு படங்களையும் காட்டினாளாம். வேலை கிடைக்கவில்லை.

போனைக் காதில் வைத்தபடி கொட்டகை வாசலில் இங்கும் அங்கும் நடந்தேன்.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன்.