குமிழி கீழே போன வீடியோ

மண்ணூரில் ஒரே அறையில் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். மூவருக்கும் வெவ்வேறு ஷிப்டு. ஒருவன் கிளம்பும்போது அடுத்து வருகிறவனுக்குக் குழம்பை மூடி வைத்துவிட்டுப் போவான். எட்டாவதோடு பள்ளியை விட்டுப் பல ஊர் சுற்றி, ஒரகடத்தில் ஒப்பந்த வேலைக்கு வந்து சேர்ந்தவன் நான். எனக்காக ஒருவர் மூடி வைத்த குழம்பை அங்கேதான் முதலில் சாப்பிட்டேன்.

எங்களில் சின்னவன் தென்காசிப் பக்கம். ஜன்னலோரம், காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டார் வைத்த கண்ணாடித் தொட்டியில் ஒரு தங்கமீன் வளர்த்தான். தலையில் தொப்பி வைத்ததுபோல் சதை, எலுமிச்சை மாதிரி உருண்ட வயிறு, ரெட்டை வால். வாரம் தவறாமல் கொஞ்சம் தண்ணீரை மாற்றுவான். கையை விட்டால் அந்த மீன் விரலை முட்டும். தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவில் போனபோது என்னிடம் விட்டுப் போனான்.

"தீனி ஒரு நாளைக்கு நாலே நாலு மணி, அண்ணாச்சி. தண்ணில ஊறப்போட்டுக் குடுங்க. தினம் ஒரு வீடியோ அனுப்புங்க, பாத்துக்கிடுதேன்."

நான் சொன்னபடி போட்டேன். ஆனால் இன்னொரு அறைக்காரன் ஷிப்டு முடிந்து வந்து, தான் சாப்பிட்டதும் மீனுக்கும் போட்டான். பகலில் தண்ணீர் மோட்டார் போட வரும் வீட்டுக்கார அக்காவும் ஒரு சிட்டிகை போட்டார். ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது. கம்பெனியில் ஷிப்டு மாறும்போது எத்தனை திருகு மிச்சம் என்பதைக்கூட எழுதிக் கையெழுத்துப் போடுகிற நாங்கள், மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் காலை மீன் வயிற்றை மேலே காட்டி மிதந்தது. செத்துவிட்டதென்று கையை விட்டேன். தலைகீழாகவே நீந்தி வந்து விரலை முட்டியது.

மற்ற இருவரையும் விசாரித்துவிட்டு, குன்றத்தூரில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரரிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன்.

"எத்தினி பேரு தீனி போட்டீங்க?"

"மூணு பேர்."

"மூணு பேரா? இன்னா, கல்யாண வூடா அது? வயித்தப் பாரு, உருண்டையா கீது. கொடல மடிச்சி மடிச்சி உள்ள வச்சிக்கினு கீது. அதுக்கு அவ்ளோ செரிக்காது. மூணு நாளு பட்டினி போடு. அப்பால பச்சப் பட்டாணிய வேக வச்சி, தோல உரிச்சி ஒரு துண்டு குடு."

"பொழைக்குமா?"

"அத்த மீனாண்டதான் கேக்கணும்."

பட்டினியை மருந்தென்று நம்புவது எனக்குச் சிரமமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருக்கிறேன். அதில் எந்த நோயும் தீரவில்லை. ஆனாலும் இருவரிடமும் சொன்னேன். இரண்டாம் நாள் பார்த்தால் தொட்டியின் அடியில் தீனி கிடந்தது.

"ரெண்டே ரெண்டுதான்பா போட்டேன், ஜெபம் பண்ணிட்டுதான் போட்டேன்" என்றார் அக்கா. "வாயத் தொறந்து தொறந்து கேக்குது. எப்டிப்பா சும்மா தாண்டிப் போறது?"

அன்று காலை நானும் ஒரு மணி போட்டிருந்தேன்.

மீன் கவிழ்ந்ததிலிருந்து நான் அனுப்பாத வீடியோவைக் கேட்டுச் சின்னவன் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தான். மூன்று நாள் பட்டினி முடிந்திருந்தது; மறுநாள் கல்யாணம். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அறைக்காரன்தான் யோசனை சொன்னான். நான் எடுத்த வீடியோவைப் போனிலேயே தலைகீழாகத் திருப்பினான். நீர்மட்டமும் கூழாங்கல்லும் தெரியாதபடி ஓரங்களை வெட்டினான். மீன் ஒழுங்காக நீந்துவதுபோல் இருந்தது. அனுப்பினோம்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அவன் பக்கம் மைக்கில் பாட்டு அலறியது.

"அண்ணாச்சி, காத்துக் குமிழி ஏன் கீழ போவுது?"

அறைக்காரன் என்னைப் பார்த்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சின்னவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பட்டாணி குடுத்தியளா?"

"குடுத்தேன். துப்பிருச்சி."

"சரி. வீடியோ கால்ல வாங்க. போன நேரா பிடிங்க, நான் பாத்துக்கிடுதேன்."

தொட்டிக்கு நேராகப் பிடித்தேன். அவன் பந்தல் கம்பத்தில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ, "ஏலே, மாப்பிள்ள வீட்டுக்காரவ வந்தாச்சு, அங்க என்ன செய்யுத?" என்று கத்தும்வரை பிடித்திருந்ததில் என் கை வலித்தது.

அவன் திரும்பி வருவதற்கு முந்திய நாள் மீனின் செவுள் அசைவது நின்றது. வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். தொட்டியில் காற்று விடும் மோட்டாரை நிறுத்த எங்கள் யாருக்கும் கை வரவில்லை. வெறும் தண்ணீரில் குமிழி ஏறிக்கொண்டே இருந்தது. அவன் வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கினான்.