பைக் மெக்கானிக் நடத்திய ஹெல்ப் டெஸ்க்

1. முதல் போன்

பதினெட்டு வருஷம் ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியின் கஸ்டமர் கேரில் திட்டு வாங்கிவிட்டு, பெங்களூர் அல்சூரில் இந்த வேலைக்கு வந்தேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்கு வழி சொல்லும் சின்ன ஆபீஸ். ஸ்பீச் தெரபி எங்கே, ஆக்குபேஷனல் தெரபி எங்கே, எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும், அரசாங்க அட்டைக்கு எந்த வரிசையில் நிற்பது என்று போனில் கேட்பார்கள். ஃபைலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முதல் போன் ஒரு அம்மாவிடமிருந்து. "சார், என் பையன் பேச மாட்டேங்கிறான் சார்."

"வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. 'வாங்கி'யை மட்டும் கடைசி நிமிஷத்தில் விழுங்கிவிட்டு மீதியைக் கேட்டேன்.

"நாலு வருஷம் ஆச்சு சார்" என்றார். பிழைத்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எங்கள் கோஆர்டினேட்டர் சாந்தா மேடம் எதிர் டேபிளில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோலார் பக்கத்துக்காரர். தமிழில் திட்டத் தொடங்கி கன்னடத்தில் முடிப்பார்.

"ஏன்ரீ சுந்தரம், பயமா?"

"இல்ல மேடம், ஏசி குளிர்."

"நம்ம ஆபீஸ்ல ஏசியே இல்லப்பா."

பயத்தை மறைக்க ஒரே வழி, உழைப்பது போல் தெரிவது. பழைய ஃபைலில் இருந்த விலாசங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மேப்பைப் பார்த்து எது எத்தனை கிலோமீட்டர் என்று போட்டேன். ஒவ்வொரு நம்பருக்கும் போன் அடித்து 'சரிபார்த்தாயிற்று' என்று டிக் போட்டேன். மணி அடித்தால் டிக். எடுத்துப் பேசினால்தான் டிக் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் யாரையும் கேட்கத் தோன்றவில்லை. ரெண்டே நாளில் பட்டியல் முழுக்கப் பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது.

2. அடுகோடி

மூன்றாம் வாரம் ரேவதி என்றொரு பெண் போன் பண்ணினாள். ஹெப்பகோடியில் ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. செவ்வாய்க்கிழமைதான் வாராந்திர லீவு. மகள் தாரிணிக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து ஒரு வருஷமாகிறது. ஏற்கெனவே ரெண்டு இடம் அலைந்துவிட்டாள். ஒன்றில் தமிழ் தெரிந்த ஆள் இல்லை. இன்னொன்றில் செவ்வாய் விடுமுறை.

"இதுதாண்ணா கடைசி. இதுவும் ஆகலைன்னா பாப்பாவைத் தர்மபுரியில மாமியார் வீட்டுக்கு அனுப்பிடலாம்னு அவர் சொல்லிட்டாரு. அவ என்னை விட்டு இருக்கமாட்டாண்ணா."

நான் பட்டியலைப் பார்த்தேன். அடுகோடி, ஆக்குபேஷனல் தெரபி, ஓசூர் ரோடு பஸ், பச்சை டிக். "கவலையே படாதம்மா. நான் செக் பண்ணின இடம்" என்றேன். குரலில் என்ன கம்பீரம் என்கிறீர்கள்!

செவ்வாய் காலை ஒன்பதரைக்கு போன் வந்தது. பின்னால் டர்ர்ர் என்று ஒரு மெஷின் சத்தம். அதற்கும் மேலே ஒரு குழந்தையின் அலறல்.

"அண்ணா, இங்க பைக்கைப் பிரிச்சுப் போட்டிருக்காங்கண்ணா!"

"உள்ள பாரும்மா, தெரபி ரூம் உள்ள இருக்கும்."

"உள்ளயும் பைக்குதாண்ணா. பாப்பா காதைப் பொத்திக்கிட்டு ரோட்லயே உக்காந்துட்டா."

எனக்குக் கை கால் ஓடவில்லை. பிறகு ரொம்ப ஓடியது. ஆட்டோ பிடித்துப் பாதி தூரம் போன பிறகுதான் கையைப் பார்த்தேன். ஆபீஸ் ஸ்டேப்ளர். எதைத் தைக்கக் கிளம்பினேனோ தெரியாது. சாந்தா மேடத்துக்கு போன் போட்டேன்.

"மொதல்ல சத்தத்த நிறுத்தச் சொல்லு. அப்புறம் கும்பலக் கலை. அப்புறம் ஒன் வாயை மூடு. அந்தப் பொண்ணு மேல கை வைக்காதே, அம்மா பாத்துக்குவா. புரிஞ்சுதா? திளீத்தா?"

ஒத்திகை பார்த்துக்கொண்டே போய் இறங்கினேன். மெஷின் நின்றிருந்தது. கும்பலும் இல்லை. ஷட்டர் பாதி இறங்கியிருக்க, உள்ளே ரேவதி ஒரு ஸ்டூலில் இருந்தாள். தாரிணி தரையில் உட்கார்ந்து, கவிழ்த்து வைத்த ஒரு பைக்கின் சக்கரத்தை மெல்லச் சுற்றிவிட்டு அது நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்தா மேடம் சொன்னதில் எனக்கு மிச்சமிருந்தது வாயை மூடுவது ஒன்றுதான். அதையும் செய்யவில்லை.

"நான் ஆபீஸ்லேருந்து வர்றேன்" என்றேன், ஸ்டேப்ளரை நீட்டியபடி.

மெக்கானிக் முனீர் பாய் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, நீங்கதான் அந்த லிஸ்ட் சாரா? வாங்க வாங்க. ரெண்டு மாசமா யாராச்சும் ஒருத்தர் கொழந்தையோட வந்து நிக்கிறாங்க. சொல்றதுக்கு உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்."

"நான் போன் பண்ணினேனே, மணி அடிச்சுதே பாய்?"

"சென்டர்காரங்க விட்டுட்டுப் போன பழைய போனா? மேல பரண்ல கெடக்கு. ஒயரைப் புடுங்கல, அடிக்கத்தான் செய்யும். சென்டர் ரெண்டு கிராஸ் தெரு தள்ளிப் போயிடுச்சு. மாடியில. கீழ மாவு மில்லு, பதினோரு மணிக்கு ஓட ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி போயிடுங்கன்னு வர்றவங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புறேன்."

புது விலாசம், மாடி எண், சத்தம் வரும் நேரம். என் பச்சைப் பட்டியலில் இல்லாத மூன்றையும் கிரீஸ் கையோடு ஒருவர் சம்பளமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

3. மாவு மில்

தாரிணி தானாக எழுந்த பிறகு, பாய் காட்டிய வழியில் மூவரும் போனோம். தெரபிஸ்ட் ஒரு இளம் பெண். நன்றாகத் தமிழ் பேசினார். தாரிணி பக்கத்தில் போகாமல் தரையில் தள்ளி உட்கார்ந்து ஒரு பம்பரத்தை விட்டார். பத்து நிமிஷத்தில் தாரிணி அரை அடி நகர்ந்து வந்தாள். 

"செவ்வாய்ல பதினொண்ணரை மட்டும்தான் காலி" என்றார் தெரபிஸ்ட். "கீழ மில்லு ஓடும். அதனாலதான் காலி. இவளுக்கு ஆகாது. வேற நாள் வாங்களேன்?"

"வேற நாள் லீவு கிடையாதுங்க" என்றாள் ரேவதி. சொல்லிவிட்டு மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்ட ஆரம்பித்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

"ரெண்டே நிமிஷம்மா" என்று கீழே ஓடினேன்.

மாடியிலிருந்து வருகிறேன் என்றதுமே, சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவன் என்று நினைத்து மில்காரர் என்னைக் கால் மணி நேரம் திட்டினார். கன்னடத்தில் கொஞ்சம், தமிழில் நிறைய. அவர் சலித்துக்கொண்டிருந்த மிளகாய்த் தூள் பறந்ததில் நான் கண்ணீர் விட்டதை அவர் உருக்கம் என்று எடுத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை. கஸ்டமர் கேரில் கற்ற ஒரே வித்தை: எதிராளி தீரும்வரை "ஆமாங்க, உங்க கஷ்டம் புரியுதுங்க" என்று நிற்பது. தீர்ந்ததும் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். "செவ்வாய் மட்டும், பன்னெண்டேகாலுக்கு ஸ்டார்ட் பண்ண முடியுமா? மேல ஒரு சின்னப் பொண்ணு."

அவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். "மொதல்லயே சொல்றதுக்கென்ன? மேல இருக்கறவங்க ஒரு வார்த்த கேட்டதில்லையே. ஆயித்து ஹோகி, அப்படியே பண்றேன்."

மேலே போய்ச் சொன்னேன். ரேவதி படியில் நின்றே புருஷனுக்கு போன் போட்டாள். "ஊருக்கெல்லாம் அனுப்ப வேணாம். செவ்வாய்க்கிழமை இடம் கெடச்சிருக்கு." அதற்கு மேல் பேச முடியாமல் போனை என்னிடம் நீட்டினாள். நானும் பேச முடியாமல் அதைத் தெரபிஸ்டிடம் நீட்டினேன்.

4. இப்போது

மறுநாளே பச்சை டிக்குகள் எல்லாவற்றையும் அழித்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் படி ஏறாத விலாசத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். போய் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். பக்கத்தில் என்ன மெஷின் ஓடுகிறது, என்றைக்கு லீவு, யார் தமிழ் பேசுகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமாக, பக்கத்துக் கடைக்காரரிடம் பேசுங்கள். நமக்கு முன்னால் அவர் பார்த்திருப்பார்.

ரெண்டு மாதம் கழித்து ரேவதி போன் பண்ணினாள். "அண்ணா, பாப்பாவுக்கு முடி வெட்டணும். மெஷின் சத்தம் இல்லாத கடை எதாச்சும் இருக்கா?"

"ஒரு வாரம் டைம் குடும்மா" என்றேன்.

அந்த வாரம் மூன்று கடைகளில் முடி வெட்டிக்கொண்டேன். மூன்றாவது கடைக்காரர் என் தலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சார், வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றார்.

"பரவால்லப்பா. அந்த மெஷினைக் காதுகிட்ட கொஞ்சம் ஓட்டிக் காட்டு" என்றேன்.